முதன்முறையாக விமான நிலைய லவுஞ்சுக்குச் செல்பவர்களுக்கு

விமான நிலைய லவுஞ்ச் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது விளம்பரங்களில் பார்த்த காட்சிதான்: அகலமான தோல் நாற்காலி, கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஒரு விமானம், ஆளரவமற்ற அமைதி. அப்படிப்பட்ட லவுஞ்சுகள் இருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் முதல் வகுப்பிலும் பிசினஸ் வகுப்பிலும் பறப்பவர்களுக்காக விமான நிறுவனங்கள் தாங்களே நடத்துபவை. கடன் அட்டையின் சலுகையிலோ பணம் கட்டியோ முதல் முறை நுழைபவருக்குக் கிடைப்பது பொதுவாக அதைவிட எளிய கூடம். உட்கார ஓர் இடம், பசியாறக் கொஞ்சம் உணவு, கைப்பேசிக்கு மின்சாரம், வைஃபை, வெளியில் இருப்பதைவிடக் குறைந்த இரைச்சல் ஆகிய ஐந்தும் ஒழுங்காக இருந்தால் அது நல்ல லவுஞ்ச் என்றே சொல்வேன். ஓட்டலோடு ஒப்பிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். விமானம் ஏறும் வாயிலுக்கு முன்னே போட்டிருக்கும் இரும்பு நாற்காலி வரிசையோடுதான் அதை ஒப்பிட வேண்டும். (இதை ஓய்வறை என்று தமிழில் எழுதுவோர் உண்டு. அதே சொல் கழிப்பறைக்கும் வழங்குவதால், குழப்பம் வேண்டாமென்று இங்கே லவுஞ்ச் என்றே எழுதுகிறேன்.)

இந்த ஏற்பாடு புதிதன்று. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 1939-ஆம் ஆண்டு நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் அட்மிரல்ஸ் கிளப் என்ற பெயரில் ஒரு கூடத்தைத் திறந்தது. தொடக்கத்தில் நிறுவனம் அழைத்தவர்கள் மட்டுமே அதற்குள் போக முடிந்தது. எந்த விமானத்தில் எந்த வகுப்பில் பறந்தாலும், உறுப்பினர் அட்டை இருந்தால் உள்ளே போகலாம் என்ற முறையைப் பரவலாக்கியவை 1992-இல் தொடங்கிய பிரையாரிட்டி பாஸ் போன்ற திட்டங்கள். 1998-இல் ஹாங்காங்கில் தொடங்கிய பிளாசா பிரீமியம் போல, எந்த விமான நிறுவனத்தையும் சாராமல் லவுஞ்ச் நடத்துவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்களும் வந்தன. இவ்வகை லவுஞ்சுகளில், அட்டையைக் காட்டி உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று உறுப்பினர் திட்டமோ அட்டை நிறுவனமோ லவுஞ்சை நடத்துபவருக்குப் பணம் தருகிறது. புதியவர் இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றவை தாமாக விளங்கும். தங்கும் நேரத்துக்கு ஏன் வரம்பு, கூட வருபவருக்கு ஏன் தனிக் கட்டணம், உணவு வகைகள் ஏன் குறைவு, இடம் நிரம்பினால் அட்டையோடு வந்தவரை ஏன் வாசலில் நிறுத்துகிறார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்தத் தலைக்கணக்கில்தான் இருக்கிறது.

வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

லவுஞ்ச் வாசலில் நடக்கும் வாக்குவாதங்களில் பெரும்பாலானவை, வீட்டிலிருக்கும்போதே பத்து நிமிடம் செலவிட்டிருந்தால் நேர்ந்திருக்கா. உள்ளே செல்லும் உரிமை நான்கு வழிகளில் வரும். பிசினஸ் வகுப்பு அல்லது முதல் வகுப்புப் பயணச்சீட்டு ஒன்று. அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனம் வழங்கும் உயர்நிலை உறுப்பினர் தகுதி இரண்டாவது. ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியின் கோல்டு, ஒன்வேர்ல்டு கூட்டணியின் சஃபையர், எமரால்டு ஆகிய தகுதிகள் இவ்வகை. கடன் அட்டையோ டெபிட் அட்டையோ தரும் சலுகையும், தனியாக வாங்கும் லவுஞ்ச் உறுப்பினர் அட்டையும் மூன்றாவது. வாசலிலோ இணையத்தில் முன்கூட்டியோ பணம் கட்டுவது நான்காவது. முதல் இரண்டு வழிகளில் வருபவர்களுக்கு எந்த லவுஞ்ச் என்பதைச் செக்-இன் மேசையிலேயே சொல்லிவிடுவார்கள். தடுமாறுபவர்கள் பின் இரண்டு வழிகளில் வருபவர்களே.

அட்டை வாங்கும்போது ‘இலவச லவுஞ்ச் வசதி’ என்று சொல்லியிருப்பார்கள். அந்த மூன்று சொற்களுக்கு அடியில் நிபந்தனைகள் வரிசையாக நிற்கும். ஆண்டுக்கு எத்தனை முறை அல்லது மூன்று மாதத்துக்கு எத்தனை முறை என்பதை முதலில் பாருங்கள். உள்நாட்டுப் பயணத்துக்கு மட்டுமா, வெளிநாட்டு லவுஞ்சுகளுக்கும் சேர்த்தா என்பது அடுத்தது. சில அட்டைகளில் முந்தைய மாதங்களில் குறிப்பிட்ட தொகைக்குச் செலவு செய்திருந்தால்தான் சலுகை உயிர்பெறும். இந்த நிபந்தனை இடையில் சேர்க்கப்பட்டு, சென்ற ஆண்டு உள்ளே போனவரே இந்த ஆண்டு திருப்பி அனுப்பப்படுவதும் உண்டு. உடன் வருபவருக்குச் சலுகை உண்டா, குடும்பத்தினரிடம் உள்ள துணை அட்டைக்கு அது பொருந்துமா என்பவற்றையும் எழுத்தில் உள்ள விதிகளிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் கேட்ட வாய்மொழி உறுதி வாசலில் செல்லாது.

அடுத்தது, எதைக் காட்ட வேண்டும் என்பது. வங்கி அட்டையே போதுமா, அதனுடன் தனியாக வந்த உறுப்பினர் அட்டை தேவையா, செயலியில் உருவாக்கும் கியூஆர் குறியீடு தேவையா என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறுபடும். செயலிவழிக் குறியீடு என்றால் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அதைப் பெற ஒருமுறைக் கடவுச்சொல் உங்கள் கைப்பேசி எண்ணுக்கு வர வேண்டியிருக்கலாம். வெளிநாட்டில் இறங்கி, ரோமிங் இல்லாத சிம்மோடு லவுஞ்ச் வாசலில் நிற்கும்போது அந்தக் குறுஞ்செய்தி வராது. ஆகவே செயலியில் பதிவு செய்வதையும் உள்நுழைவதையும் புறப்படுவதற்கு முன்னரே முடித்துவிட்டு, குறியீடு இணையமின்றித் திறக்கிறதா என்று ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது.

அதே செயலியில் லவுஞ்சுகளின் பட்டியலும் இருக்கும். விமான நிலையத்தின் பெயர் அதில் இருப்பது மட்டும் போதாது. உங்கள் விமானம் எந்த முனையத்திலிருந்து புறப்படுகிறதோ அந்த முனையத்தில், உங்கள் பயணத்துக்கு உரிய உள்நாட்டு அல்லது பன்னாட்டுப் பகுதியில் லவுஞ்ச் இருக்க வேண்டும். இரண்டு முனையங்களுக்கு இடையே பேருந்தில் போக வேண்டிய விமான நிலையங்கள் பல. பாதுகாப்புச் சோதனை முடித்தபின் மற்றொரு முனையத்துக்குப் போகவே முடியாத இடங்களும் உண்டு. லவுஞ்ச் திறந்திருக்கும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாமே இரவு முழுவதும் இயங்குபவை அல்ல.

நேரக் கணக்கு

புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். பல லவுஞ்சுகள் விமானம் புறப்படும் நேரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போது உள்ளே விடுவதில்லை. சில இடங்களில் இரண்டு மணி நேரம்தான். வேறு சில இடங்களில் நீங்கள் உள்ளே நுழைந்த நொடியிலிருந்து கணக்குத் தொடங்கும். எப்படியிருந்தாலும் அந்த மூன்று மணி நேரமும் நாற்காலியில் கழிக்கக் கிடைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். விமானம் 14:00 மணிக்குப் புறப்படுகிறது. லவுஞ்ச் 11:00 மணியிலிருந்து உங்களை உள்ளே விடும். பைகளை ஒப்படைத்து, பாதுகாப்புச் சோதனையும் கடவுச்சீட்டுச் சோதனையும் முடித்து, லவுஞ்ச் வாசலை அடையும்போது 11:40 ஆகிவிடுகிறது. போர்டிங் பாஸில் விமானத்தில் ஏறத் தொடங்கும் நேரம் 13:15 என்றும், வாயில் மூடும் நேரம் 13:40 என்றும் அச்சிட்டிருக்கிறது. லவுஞ்சிலிருந்து வாயிலுக்குப் பதினைந்து நிமிட நடை. அப்படியானால் நீங்கள் 13:00 மணிக்கு எழுந்துவிட வேண்டும். மிஞ்சுவது 80 நிமிடம். மூன்று மணி நேரத்துக்கு என்று பணம் கட்டியவர் உண்மையில் வாங்கியது அந்த 80 நிமிடத்தைத்தான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபின் 40 நிமிடம்கூட மிஞ்சாது என்று தெரிந்தால், சலுகை இருந்தாலும் வாயிலுக்கு நேராகப் போய்விடுவதே புத்திசாலித்தனம். ஆண்டுக்கு இத்தனை முறை என்று எண்ணித் தரப்பட்ட சலுகையில் ஒன்றை அரைமணி நேரத்துக்காகச் செலவழிக்க வேண்டியதில்லை.

போர்டிங் பாஸில் விமானம் புறப்படும் நேரம், ஏறும் நேரம், வாயில் மூடும் நேரம் ஆகியவை வெவ்வேறு. புறப்படும் நேரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு லவுஞ்சில் உட்கார்ந்திருப்பவர், விமானத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே அதைத் தவறவிடக்கூடும்.

லவுஞ்சைத் தேடி

பெரும்பாலான லவுஞ்சுகள் பாதுகாப்புச் சோதனையைக் கடந்த பின்னரே வரும். பன்னாட்டுப் பயணமானால் கடவுச்சீட்டுச் சோதனையையும் கடந்திருக்க வேண்டும். ஆகவே வழியனுப்ப வந்தவர்களை லவுஞ்சுக்கு அழைத்துச் செல்ல முடியாது. அன்றைய பயணத்துக்கான போர்டிங் பாஸ் உள்ளவர்களுக்கே அங்கு இடம். கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட கொள்கலனில் திரவம் கூடாது என்ற விதி பல நாடுகளில் நடைமுறையில் இருப்பதால், தண்ணீர்ப் புட்டியைக் காலியாக எடுத்துச் சென்று, சோதனை முடிந்தபின் லவுஞ்சில் நிரப்பிக்கொள்ளலாம்.

அடிப்படை லவுஞ்சுகள் கண்ணில் படும் இடத்தில் இருப்பது அரிது. கீழ்த்தளத்தின் நல்ல இடங்களைக் கடைகள் எடுத்துக்கொள்வதால், இவை பெரும்பாலும் மின்தூக்கி ஏறிப் போகும் மேல்தளத்திலோ ஒரு நீண்ட நடைவழியின் கோடியிலோ இருக்கும். ஒரே முனையத்தில் நான்கைந்து லவுஞ்சுகள் இருந்தால், உங்கள் திட்டத்தில் உள்ள பெயரைத் தெரிந்து வைத்துக்கொண்டு தேடுங்கள். பிசினஸ் வகுப்பு லவுஞ்சின் வாசலில் வங்கி அட்டையை நீட்டித் திரும்பி வரும் சங்கடம் முதல் பயணத்தில் பலருக்கும் நேர்வதுதான்.

வரவேற்பு மேசையில்

மேசையில் இருப்பவர் இரண்டைக் கேட்பார்: போர்டிங் பாஸ் ஒன்று, அட்டை அல்லது குறியீடு மற்றொன்று. கைப்பேசியில் காட்டுவதானால் திரையின் வெளிச்சத்தை முன்பே கூட்டிவையுங்கள். மங்கிய திரையைக் கருவி படிக்க மறுக்க, கைப்பேசியைச் சாய்த்தும் நிமிர்த்தியும் காட்டிக்கொண்டிருக்கையில் பின்னால் வரிசை நீளும். அட்டையில் உள்ள பெயரும் போர்டிங் பாஸில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்ப்பார்கள். ஒன்றில் முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கும் பெயர் மற்றொன்றில் விரிந்திருந்தால் கடவுச்சீட்டையோ வேறு அடையாள அட்டையையோ காட்டும்படி கேட்கலாம். வேறொருவரின் அட்டையைக் கொண்டுபோவது, அது வீட்டாருடையதே ஆனாலும், பலிக்காது.

அட்டையைத் தேய்த்ததும் மிகச் சிறிய தொகை ஒன்று கழிவதாகக் குறுஞ்செய்தி வரலாம். அட்டை செல்லுபடியாகிறதா என்று சரிபார்ப்பதற்காகச் சில திட்டங்களில் எடுக்கப்படும் தொகை அது, பதற வேண்டாம். ஆனால் கையெழுத்திடச் சொல்லி நீட்டும் சீட்டையோ திரையையோ படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். அதில் விருந்தினர் எண்ணிக்கை என்று ஓர் இடம் இருக்கும். நீங்கள் தனியாக வந்திருந்தால் அங்கே சுழியம் இருக்க வேண்டும். குழந்தைகளோடு வருபவர்கள் எந்த வயது வரை கட்டணமில்லை என்பதைக் கையெழுத்துக்கு முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொதுவாகக் கட்டணம் இராது, அதற்கு மேற்பட்டவர்களுக்கு விதி இடத்துக்கு இடம் மாறும்.

நகர்வதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். எத்தனை மணி வரை இருக்கலாம்? விமான அறிவிப்புகள் உள்ளே கேட்குமா? கழிப்பறை உள்ளேயா, வெளியேயா? மூன்றாவது கேள்வி அற்பமாகத் தோன்றலாம். சிறிய லவுஞ்சுகளில் கழிப்பறை வெளியே பொதுப் பகுதியில் இருப்பதும், போய் வரும்போது போர்டிங் பாஸை மீண்டும் காட்ட வேண்டியிருப்பதும் வழக்கம்தான்.

உள்ளே

நுழைந்ததும் உணவு மேசைக்குப் போகாதீர்கள். முதலில் இடம் பிடியுங்கள். இடம் என்றால் வெறும் நாற்காலி அன்று, மின்சாரம் வரும் நாற்காலி. ப்ளக் பாயிண்டுகள் சுவரோரத்திலும், இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே உள்ள சிறு மேசையின் அடியிலும் ஒளிந்திருக்கும். நாள்தோறும் பல கைகள் செருகிப் பிடுங்கியதில் அவற்றில் பல தளர்ந்து போயிருப்பதால், செருகியவுடன் கைப்பேசித் திரையில் மின்னேற்றக் குறி தெரிகிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். ஒருமுறை ஒரு மணி நேரம் நிம்மதியாகப் படித்துக்கொண்டிருந்துவிட்டு, கைப்பேசியில் 9 விழுக்காடு மட்டுமே எஞ்சியிருந்ததைக் கிளம்பும்போது கண்டவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். வெளிநாட்டு விமான நிலையமானால் துளைகளின் வடிவம் மாறும். உலகப் பொது அடாப்டர் ஒன்று கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டால் அது உதவாது.

உணவு பெரும்பாலும் நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும் முறையில் இருக்கும். சூடாக இரண்டு மூன்று வகை, ரொட்டி, சாலட், பழம், பிஸ்கட், காபி தேநீர் இயந்திரம், குளிர்பானம் என்ற அளவில் எதிர்பார்த்தால் ஏமாற்றம் இராது. சுவை நடுத்தரமாக இருக்கும். உணவின் தரத்தைவிட, நீங்கள் எந்த நேரத்தில் போகிறீர்கள் என்பதே அதிக வேறுபாட்டை உண்டாக்கும். ஒரு விடியற்காலையில் பளபளவென்றிருந்த பாத்திரங்களின் மூடியை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து பார்த்தேன்; ஆவி மட்டும் எழுந்தது, அடியில் ஒரு கரண்டி கிடந்தது. இரவு உணவை எடுத்துவிட்டு இன்னும் காலை உணவை வைக்காத இடைவேளை அது. பணியாளரிடம் கேட்டதும் ‘பத்து நிமிடம்’ என்றார். பத்து நிமிடத்தில் மேசை நிறைந்தது. ஆகவே காலியான பாத்திரத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்வதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். உணவில் கட்டுப்பாடோ ஒவ்வாமையோ உள்ளவர்கள் பெயர்ச்சீட்டை மட்டும் நம்பாமல் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று கேட்பது பாதுகாப்பானது. பரிமாறும் கரண்டிகள் பாத்திரம் மாறிக் கிடப்பது அங்கே சாதாரணம். உணவைப் பொட்டலம் கட்டி வெளியே கொண்டுபோவதைப் பெரும்பாலான லவுஞ்சுகள் அனுமதிப்பதில்லை. மதுபானம் சில இடங்களில் கட்டணத்தில் அடங்கும், சில இடங்களில் இத்தனை கோப்பை என்ற வரம்பு இருக்கும், சில இடங்களில் தனியாகப் பணம் கட்ட வேண்டும், சில இடங்களில் கிடையவே கிடையாது.

வைஃபை கடவுச்சொல் மேசையில் நிறுத்திய சிறு அட்டையிலோ வரவேற்பில் தரும் சீட்டிலோ இருக்கும். நிலையத்தின் பொது வைஃபையைவிட இது வேகமாக இருக்கலாம், கூட்ட நேரத்தில் அப்படியும் இராது. படம் எதையாவது பார்க்க நினைத்தால் வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்வது மேல். குளியலறை அடிப்படை லவுஞ்சுகளில் அரிது. இருந்தால் வரவேற்பில் பெயர் கொடுத்து முறைக்குக் காத்திருக்க வேண்டும், துண்டுக்குத் தனிக் கட்டணமும் இருக்கலாம். படுத்துத் தூங்கும் வசதியையும் எதிர்பார்க்க வேண்டாம். நாற்காலிகளின் கைப்பிடிகள் அதற்கு இடம் தரா.

உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் பயணிகள்தாம் என்பதால் பை பத்திரமாக இருக்கும் என்று நம்பிவிடுவது எளிது. உணவு எடுக்கப் போகும்போதும் கடவுச்சீட்டும் பணப்பையும் மடிக்கணினியும் உங்களோடு வரட்டும். இடத்தைக் காட்ட ஒரு சட்டையையோ செய்தித்தாளையோ நாற்காலியில் போட்டுவிட்டுப் போனால் போதும்.

இடமில்லை என்றால்

அட்டைச் சலுகைகள் பெருகியதன் நேரடி விளைவு கூட்டம். காலை நேரத்திலும் விடுமுறைக் காலத்திலும் வரிசை வாசலுக்கு வெளியே நீள்வதைப் பார்க்கலாம். பெரும்பாலான திட்டங்களின் விதிகளில் ‘இடம் இருந்தால் மட்டும்’ என்ற தொடர் இருக்கிறது. ஆகவே மறுப்பவரிடம் சலுகையை உரிமையாக வாதிடுவதில் பயனில்லை. பெயர் எழுதி வைத்துக்கொண்டு அழைப்பார்களா, எவ்வளவு நேரம் ஆகும் என்று கேளுங்கள். அந்த விடையை உங்கள் நேரக் கணக்கில் வைத்துப் பாருங்கள். சில லவுஞ்சுகளில் சிறு கட்டணம் செலுத்தி முன்பதிவு செய்யும் வசதி உண்டு. குடும்பத்தோடு போகும் நீண்ட காத்திருப்புக்கு அது தகும். அதே முனையத்தில் உங்கள் திட்டத்துக்குள் அடங்கும் இரண்டாவது லவுஞ்ச் இருக்கிறதா என்று முன்பே குறித்து வைத்திருந்தால், அந்த நேரத்தில் அது கைகொடுக்கும்.

விமானம் தாமதமானால் உங்கள் மூன்று மணி நேரமும் தானாக நீண்டுவிடாது. பல இடங்களில் கேட்டால் இருக்க விடுவார்கள். கூட்டமாக இருந்தால் மறுபடி பணம் கேட்கலாம் அல்லது இன்னொரு வருகையாகக் கழிக்கலாம். நேரம் முடியும் முன்பே போய்க் கேட்பது நல்லது. இடைவழியில் விமானம் மாறுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆறு மணி நேர இடைவெளியில் முதல் மூன்று மணி நேரம் லவுஞ்சில் இடம் கிடைக்காமல் போகலாம். அடுத்த விமானம் புறப்படும் முனையத்துக்கு முதலில் போய்விட்டு, அங்கேயுள்ள லவுஞ்சில் கடைசி மூன்று மணி நேரத்தைக் கழிப்பதே வசதி.

கிளம்பும்போது

பல லவுஞ்சுகளில் விமான அறிவிப்பு செய்வதே இல்லை. அமைதிக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நேரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முழுவதும் பயணியுடையது. உட்கார்ந்தவுடன் கைப்பேசியில் அலாரம் வையுங்கள், நீங்கள் போட்ட கணக்கின்படி எழ வேண்டிய நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாக. சுவரில் உள்ள தகவல் திரையைப் பார்க்கும்போது நேரத்தை மட்டுமன்றி வாயில் எண்ணையும் பாருங்கள். போர்டிங் பாஸ் அச்சிட்டபின் வாயில் மாறுவது அன்றாட நிகழ்ச்சி. லவுஞ்சில் இருப்பவருக்கு அது தெரியவருவது அந்தத் திரையில்தான். சார்ஜரைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் புட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள், வாயிலுக்கு அருகில் மற்றொரு பாதுகாப்புச் சோதனை இல்லையென்றால்.

கையிலிருந்து பணம் கட்டிப் போகலாமா என்று கேட்டால் என் விடை இது: வெளியே கடையில் சாப்பிடவும் குடிக்கவும் எவ்வளவு ஆகுமோ அந்தத் தொகையோடு லவுஞ்ச் கட்டணத்தை ஒப்பிடுங்கள், காத்திருக்கும் நேரம் இரண்டு மணிக்கு மேல் இருந்து, கட்டணம் அந்தத் தொகையின் அருகில் இருந்தால் போகலாம். வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தவர், ஒரு மணி நேரம் மட்டும் காத்திருப்பவர் ஆகியோருக்கு அது வீண்செலவு. முதியவர்களோடோ கைக்குழந்தையோடோ பயணம் செய்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டியதில்லை. சாய்ந்து உட்கார ஓர் இடமும், அருகில் சுத்தமான கழிப்பறையும் கிடைத்தாலே அவர்களுக்குக் கட்டணம் செரித்துவிடும்.

பயணம் முடிந்து திரும்பியபின் அந்த மாதத்தின் அட்டைக் கணக்கை ஒருமுறை பாருங்கள். இலவசம் என்று நுழைந்த வருகைக்குக் கட்டணம் விழுந்திருப்பதும், தனியாகப் போனவருக்கு ஒரு விருந்தினர் ஏறியிருப்பதும் சில வாரங்கள் கழித்தே தெரியவரும். அதைத் திரும்பக் கேட்பதற்கு லவுஞ்சுக்குப் போன நாள், நேரம், கையெழுத்திட்ட சீட்டின் படம் ஆகியவை தேவைப்படும் என்பதால், வரவேற்பு மேசையிலேயே அந்தச் சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.